வீரர்களின் தூக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? வாட்சா, நோட்டா, ஆய்வகமா?

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர், திசையன்விளைப் பக்கம் கபடி அணி நடத்தும் ஒருவர், பாளையங்கோட்டையில் மகளைத் தடகளத்துக்கு அனுப்பும் ஓர் அம்மா. மூன்று பேரும் கேட்டது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: "தூக்கம் முக்கியம்னு எல்லாரும் சொல்லுதாங்க. சரி, பிள்ளை நல்லாத் தூங்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க? வாட்ச் வாங்கணுமா?"

வாட்ச் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் இருக்கும் ஐந்து வழிகளில் அது ஒன்றுதான். மற்ற நான்கில் இரண்டுக்குப் பேனாவும் தாளும் போதும். மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடுகிறவர்களை மனதில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, வருகிற எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. காலை 5.30 மணிப் பயிற்சியை 7 மணிக்குத் தள்ள உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? விடுதியில் விளக்கணைக்கும் நேரத்தை மாற்ற முடியுமா? 2008 ஒலிம்பிக்குக்குத் தயாரான ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்களை அளந்து பார்த்தபோது, காலை 6 மணிப் பயிற்சிக்கு முந்தைய இரவுகளில் சராசரியாக 5.4 மணி நேரம்தான் தூங்கியிருந்தார்கள். ஓய்வு நாளுக்கு முந்தைய இரவுகளில் அதே ஆட்கள் 7.1 மணி நேரம் தூங்கினார்கள். அங்கே கோளாறு தூக்கத்தில் இல்லை, கால அட்டவணையில் இருந்தது. அட்டவணையைத் தொட முடியாது என்றால் எந்தக் கருவியும் உங்களுக்குப் பழைய செய்தியைத்தான் திரும்பச் சொல்லும்.

இரண்டாவது, 'நல்ல தூக்கம்' என்பதை எந்த எண்ணில் பார்க்கிறீர்கள்? மொத்த மணி நேரம் மட்டும் போதாது. அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அளவுகோல் இப்படி: படுத்து 30 நிமிடத்துக்குள் தூங்கிவிட வேண்டும், இடையில் நன்றாக விழித்துக்கொள்வது ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது, தூங்கிய பிறகு விழித்துக் கிடந்த நேரம் மொத்தமாக 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதமாவது தூக்கமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி எண்ணைத் தூக்கத் திறன் என்கிறார்கள். பிரிட்டனின் ஒலிம்பிக் விளையாட்டு வீரர்கள் 46 பேரைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டு அளந்தபோது, வீரர்கள் படுக்கையில் அதிக நேரம் இருந்தார்கள் (8 மணி 36 நிமிடம், மற்றவர்கள் 8 மணி 7 நிமிடம்). ஆனால் அவர்களுடைய தூக்கத் திறன் 80.6 சதவீதம்தான், மற்றவர்களுக்கு 88.7. தூக்கம் வர வீரர்களுக்கு 18 நிமிடம் ஆனது, மற்றவர்களுக்கு 5. "பையன் ஒன்பது மணிக்கே படுத்துட்டான்" என்பது தகவலே இல்லை என்று இதிலிருந்து தெரியும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது: பகல் தூக்கம். கோவில் கொடை விழாவை ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டியில் கடைசி ஆட்டம் முடியும்போது பல இடங்களில் விடிந்துவிடும். ஆடியவன் வேனில் ஊர் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, காலை 9 மணிக்குப் படுத்து மதியம் 2 மணிக்கு எழுவான். மாலையில் மறுபடி பயிற்சி. அவன் தூக்கத்தை இரவில் மட்டும் அளக்கும் கருவி அவனைத் தூங்காத ஆள் என்று எழுதிவிடும். விடுதிப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அசந்து தூங்கித்தான் வாரக் கடனை அடைக்கிறார்கள். ஆகவே பகலைப் பார்க்காத அளவு, இங்கே பாதி அளவுதான். பல ஒப்பீடுகளில் இது கடைசி வரியில் வரும். நான் இதை முன்னால் வைக்கிறேன்.

இவற்றோடு எத்தனை நாள் விடாமல் அளக்க முடியும், விலைச்சீட்டில் தெரியாத செலவு என்ன, முடிவு யார் கைக்குப் போகிறது ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## தூக்க ஆய்வகம்

பாலிசோம்னோகிராஃபி என்பது இதன் பெயர். தலை, கண்ணோரம், தாடை, கால் ஆகிய இடங்களில் மின்முனைகள், மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். இரவு முழுதும் பதிவாவதை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் விழிப்பா, மேலோட்டமான தூக்கமா, ஆழ்ந்த தூக்கமா, கனவு வரும் ரெம் தூக்கமா என்று பயிற்சி பெற்றவர் குறிப்பார். இந்த ஐந்து வழிகளில் மூளை அலையை நேரடியாகப் படிப்பது இது ஒன்றுதான். மற்ற எல்லாக் கருவிகளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள்.

அப்படியென்றால் இதுவே நல்லது என்று தோன்றும். ஆனால் இத்தனை வயரோடு புது இடத்தில் படுக்கிறவனுக்கு முதல் இரவில் வழக்கமான தூக்கம் வராது. 'முதல் இரவு விளைவு' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நீங்கள் பார்ப்பது அவனுடைய வழக்கமில்லாத ஒரு ராத்திரியை. பெரிய ஊருக்குப் போய்வரும் செலவு, தவறிப்போகும் பயிற்சி எல்லாம் தனிக்கணக்கு.

ஆனால் ஒரு இடத்தில் இதற்கு மாற்று கிடையாது. பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்குவது ஆகியவை இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பும் கழுத்தும் தடித்த ஆட்டக்காரர்களிடம் மூச்சுத் தடை அதிகம் காணப்படுவதை அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் பார்த்திருக்கிறார்கள். நம் கபடித் தடுப்பாளர்களிலும் அப்படி உடம்புவாகு உள்ளவர்கள் உண்டு. வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சிறிய கருவியும் இருக்கிறது. அது மூச்சையும் ஆக்சிஜனையும் மட்டும் பார்க்கும். தூக்கத்தின் தரத்தைச் சொல்லாது.

யாரை அனுப்புவது என்று கண்டுபிடிக்க விடுதியில் ஒரு காசு செலவில்லாத வழி இருக்கிறது. பக்கத்துப் பாயில் படுக்கிறவனைக் கேளுங்கள். எவன் குறட்டை விடுகிறான், எவன் மூச்சுத் திணறி எழுகிறான் என்று பட்டியலே தருவான்.

## ஆக்டிகிராஃப்

மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி. அசைவு இருந்தால் விழிப்பு, இல்லாவிட்டால் தூக்கம் என்பதுதான் அடிப்படை; அதற்கு மேல் கணக்கு முறை ஒன்று ஓடும். விளையாட்டு வீரர்களின் தூக்கம் பற்றி நாம் படிக்கும் எண்களில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தவை. பகல், இரவு இரண்டிலும் கட்டியிருக்கலாம் என்பதால் மதியத் தூக்கம் பிடிபடும். ஒன்று, இரண்டு வாரம் தொடர்ந்து ஓடும். திரை பார்த்துக் கவலைப்பட எதுவும் இருக்காது.

இதன் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். உண்மையில் தூங்கும் நேரத்தைத் தூக்கம் என்று இது பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் சரியாகச் சொல்லும். விழித்திருக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பதில் அடிக்கடி பாதிக்குப் பாதி கோட்டைவிடும். அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவன் அதற்குத் தூங்குகிறவன்தான். இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு அப்படிக் கிடப்பவர்களைத்தான் நாம் தேடுகிறோம் என்பது இதில் உள்ள சங்கடம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் என்றால் வண்டி ஆட்டமும் கணக்கில் கலந்துவிடும்.

கருவி ஒவ்வொன்றும் பல்லாயிரம் ரூபாய், மென்பொருள் தனி, பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் தனி. எப்போது படுத்தேன் என்ற குறிப்பு இல்லாமல் தூக்கம் வர எடுத்த நேரத்தை இதில் கணக்கிட முடியாது. ஆக நோட்டும் கூடவே வேண்டும். கபடிக்கும் ஹாக்கிக்கும் கழற்றி வைத்துவிட்டு, திரும்பக் கட்ட மறப்பதும் உண்டு. சொந்தமாக வாங்கச் சொல்ல மாட்டேன். உடற்கல்வித் துறையோ உடலியல் துறையோ உள்ள கல்லூரி ஏதாவது ஆய்வுக்காக வைத்திருந்தால், இரண்டு வாரத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

## கடையில் வாங்கும் வாட்ச், பட்டை, மோதிரம்

எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

இவை அசைவோடு நாடித்துடிப்பையும் தோலின் மேல் ஒளி பாய்ச்சிப் பார்க்கின்றன. சிலவற்றில் தோல் வெப்பமும் சேரும். எப்போது படுத்தான், எப்போது எழுந்தான், மொத்தம் எவ்வளவு தூங்கினான் என்பதில் நல்ல கருவிகளை ஓரளவு நம்பலாம். ஆக்டிகிராஃபைப் போலவே இவையும் அசையாத விழிப்பைத் தூக்கமாக எண்ணும். 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம்' என்று காட்டுவதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மூளை அலையைப் பார்க்காமல் நாடியையும் அசைவையும் வைத்துச் சொல்லும் ஊகம் அது.

நூற்றுக்கு இத்தனை என்று வரும் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை நிறுவனங்கள் முழுதாகச் சொல்வதில்லை. செயலியைப் புதுப்பித்த மறுநாள் கணக்கு முறை மாறியிருக்கலாம். போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட முடியாமல் போகும். ஒருவன் ஃபிட்பிட், இன்னொருவன் கார்மின், மூன்றாமவன் பெயர் தெரியாத பட்டை என்று கட்டியிருந்தால் அணிக்குள் ஒப்பிடுவது அர்த்தமில்லாதது.

மறைந்த செலவுகளில் முதலாவது சந்தா. வூப் போன்ற பட்டைகளுக்குக் கருவி வாங்கினால் மட்டும் போதாது, தொடர்ந்து சந்தாப் பணம் கட்ட வேண்டும். சில மோதிரங்களும் அப்படித்தான். இரண்டாவது போன். பல விடுதிகளில் இரவு போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அது நல்ல வழக்கமும்கூட. வாட்சிலிருந்து தகவல் இறங்க போன் வேண்டும் என்று சொல்லி அந்த வழக்கத்தை உடைத்தால், அளப்பதற்காகவே தூக்கத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். மூன்றாவது, சின்னத் தூக்கம். மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்ததைச் சில கருவிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாங்குமுன் அதைச் சோதித்துப் பாருங்கள்.

நான்காவதுதான் பெரியது. காலையில் எழுந்ததும் 'உங்கள் தூக்கம் 54' என்று திரை சொன்னால் அன்றைய ஓட்டம் அங்கேயே பாதி முடிந்தது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மாணவர்களிடம் அவர்களுடைய ரெம் தூக்கம் பற்றிப் பொய்யான எண்ணைச் சொல்லிச் சோதித்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. மோசமாகத் தூங்கினாய் என்று சொல்லப்பட்டவர்கள், நன்றாகத் தூங்கினாய் என்று சொல்லப்பட்டவர்களைவிட மூளைக்கு வேலை கொடுக்கும் தேர்வில் பின்தங்கினார்கள். உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பது அதில் எடுபடவில்லை. கருவி எண்ணைத் துரத்தியே தூக்கத்தைத் தொலைப்பவர்களுக்கு 2017-இல் மருத்துவர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் எதற்கு வாங்குவது? ஒரே ஆள், ஒரே கருவி, நீண்ட நாள் என்றால் இது உதவும். படுக்கும் நேரம் வாரத்துக்கு வாரம் எவ்வளவு அலைகிறது, ஓய்வுநிலை நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள், ஒற்றை ராத்திரியை விட்டுவிடுங்கள். பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: மே மாதப் புழுக்கத்தில் மொட்டைமாடியில் புரண்டவன் ஜூலையில் சாரல் காற்றில் நன்றாகத் தூங்குவான். அதைப் புதுப் பயிற்சித் திட்டத்தின் வெற்றி என்று எழுதிவிடக் கூடாது.

மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரிகளும் விற்கிறார்கள். வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

## கேள்வித்தாள்

பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு 1989-இல் வந்தது. 19 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். உலகெங்கும் புழங்குவது. ஆனால் மருத்துவமனைக்கு வருபவர்களை மனதில் வைத்துச் செய்தது. கடந்த ஒரு மாதத்தை மொத்தமாகக் கேட்பது. தூங்கிய நேரம் என்றால் இரவை மட்டும் கேட்பது. கொடைக் காலத்தில் நாலு ராத்திரி விழித்து ஆடிய கபடிக்காரனுக்கு 'வழக்கமாக எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்' என்ற கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது? எப்வொர்த் அளவுகோல் (1991) எட்டே கேள்விகளில் பகல் சொக்கலைப் பிடிக்கும்.

விளையாட்டு வீரர்களுக்கென்றே இரண்டு உண்டு. ஒன்று கனடாவில் கால்கேரியில் உருவான வீரர் தூக்கப் பரிசோதனைக் கேள்வித்தாள். மருத்துவரிடம் யாரை அனுப்ப வேண்டும் என்று பிரித்துக் காட்டும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மனநல மதிப்பீட்டுத் தொகுப்பிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இன்னொன்று 2018-இல் வெளிவந்த வீரர் தூக்கப் பழக்கக் கேள்வித்தாள். அதன் 18 கேள்விகளும் பழக்கத்தையே கேட்பதால் பதிலே வேலைப் பட்டியலாகிவிடும். பயிற்சியாளருக்கு இதுதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

செலவு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நாமே தமிழாக்கிக் கொடுத்தால் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் ஆங்கில மூலத்தில் 'இதைத் தாண்டினால் சரியில்லை' என்று வைத்திருக்கும் வெட்டு மதிப்பெண்ணை அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. இன்னொரு செலவு பயம். தாளை வாங்குகிறவரே அணியைத் தேர்ந்தெடுப்பவர் என்றால், எல்லாத் தாளிலும் "நல்லாத் தூங்குதேன் சார்" என்றுதான் இருக்கும். பிசியோதெரபிஸ்டோ வேறு பள்ளி ஆசிரியரோ வாங்கிப் பார்த்து, தேவைப்படுகிறவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது நல்லது.

## தூக்க நோட்டு

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத வேண்டியது: எப்போது படுத்தேன், எப்போது தூங்க முயன்றேன், தூக்கம் வர எவ்வளவு நேரம், எத்தனை தடவை விழிப்பு, கடைசியாக எப்போது விழித்தேன், எப்போது எழுந்தேன், தூக்கம் எப்படி இருந்தது. 2012-இல் வல்லுநர்கள் கூடி வகுத்த பொதுத் தூக்க நாட்குறிப்பின் சாரம் இவ்வளவே. நம் ஊருக்கு இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்வேன்: நேற்றுப் பகலில் எப்போது, எவ்வளவு நேரம் தூங்கினேன், கடைசி டீ, காப்பி எத்தனை மணிக்கு. ராத்திரி ஆட்டத்துக்கு இடையில் குடிக்கும் டீ எங்கே போய் நிற்கிறது என்று பையனுக்கே தெரியவரும்.

மனிதன் தன் தூக்கத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவான். தூங்கிய நேரம் அவனுக்கே சரியாகத் தெரியாது, கடிகாரம் பார்த்தால் தூக்கம் கெடும். இதெல்லாம் குறைகள்தாம். ஆனால் படுத்து ஒரு மணி நேரமாக விழித்துக் கிடந்தேன் என்பதை வாட்ச் சொல்லாது, நோட்டு சொல்லும். இதன் பெரிய எதிரி, ஏழு நாளையும் ஒரே பேனாவில் சனிக்கிழமை ராத்திரி எழுதி முடிப்பது. அதற்கு மருந்து, தினமும் வார்ம்-அப் தொடங்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குவது. மாதக்கணக்கில் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். இரண்டு வாரம் எழுதி, ஆறு வாரம் விட்டு, மறுபடி இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்துக்குத் தூக்கம், களைப்பு, மன அழுத்தம், தசைவலி நான்குக்கும் 1 முதல் 7 வரை ஒரு எண் சொல்லும் ஹூப்பர் முறை போதும்.

## ஒரு பார்வையில்

| வழி | எதில் நம்பலாம் | எதில் நம்பக் கூடாது | பகல் தூக்கம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஆய்வகம் | தூக்க நிலைகள், மூச்சுத் தடை | வழக்கமான இரவு எப்படி | பொதுவாக இல்லை | பயணம், தவறும் பயிற்சி |
| ஆக்டிகிராஃப் | நேரம், ஒழுங்கு | அசையாத விழிப்பு | பிடிபடும் | மென்பொருள், படிக்கத் தெரிந்த ஆள் |
| வாட்ச், மோதிரம் | படுத்த நேரம், வாரப் போக்கு | நிலைகள், மதிப்பெண் | கருவியைப் பொறுத்தது | சந்தா, போன், கவலை |
| கேள்வித்தாள் | யாருக்குக் கவனம் தேவை | நேற்று இரவு எப்படி | பெரும்பாலும் இல்லை | மொழிபெயர்ப்பு, பயம் |
| நோட்டு | விழித்துக் கிடந்தது, பழக்கம் | துல்லியமான நிமிடம் | கட்டம் போட்டால் உண்டு | தினசரி இரண்டு நிமிடம் |

## யாருக்கு எது

ஹாக்கி விடுதிக்கு: பருவத் தொடக்கத்தில் எல்லாருக்கும் பழக்கக் கேள்வித்தாள், பிறகு இரண்டு வார நோட்டு. குறட்டைப் பட்டியலில் வருகிறவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். வாட்ச் வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால் நல்ல மின்விசிறிக்கும் ஜன்னல் கொசுவலைக்கும் போடுங்கள். 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 10.30-க்குப் படுத்து 4.45-க்கு எழும் அட்டவணையில் அது எந்தக் கருவியாலும் வராது.

கபடி அணிக்கு: இரவை மறந்துவிட்டு 24 மணி நேரக் கணக்கு வையுங்கள். ஒரு நாள் என்பது மதியம் 12 முதல் மறுநாள் மதியம் 12 வரை என்று நோட்டில் கோடு போட்டால், போட்டி முடிந்து காலையில் தூங்கத் தொடங்கியவனின் கணக்கு ஓரளவு ஒழுங்காகும். மதியத்தைத் தாண்டிய தூக்கத்தைத் தொடங்கிய நாளின் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். ஆக்டிகிராஃப் இரவல் கிடைத்தால் கொடைப் பருவத்தில் இரண்டு வாரம் கட்டிப் பாருங்கள். அந்த வாரங்களில் பயிற்சிச் சுமையைக் குறைக்கச் சங்கத்திடம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பாளையங்கோட்டை அம்மாவுக்கு: முதலில் நோட்டு, அதில் மாதவிலக்குத் தேதிகளும் இருக்கட்டும். சில பெண்களுக்கு அதற்கு முந்தைய நாட்களில் தூக்கம் கெடும். தேதி இல்லாவிட்டால் அதைப் பயிற்சிக் களைப்பு என்று நினைத்துவிடுவோம். இரண்டு வார நோட்டில் படுக்கும் நேரம் தினமும் இரண்டு மணி நேரம் முன்பின் அலைந்தால் அதைச் சரிசெய்ய வாட்ச் தேவையில்லை. நேரம் ஒழுங்காக இருந்தும் காலையில் சோர்வு என்றால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் இல்லை, தேசிய முகாமில் கேட்கிறார்கள், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பகல் தூக்கத்தையும் பதியும், சந்தா இல்லாத பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். போட்டி வாரத்தில் அந்தச் செயலி உங்கள் போனில் இருக்கட்டும். அவள் போனில் வேண்டாம்.